ஒருவர் இருமிக்கொண்டே வந்தார், ஒன்பது பேர் படுத்துவிட்டோம்: வேலையிடத்தில் நோய் பரவாமலிருக்க உண்மையில் எது உதவும்?

மூன்றாம்மாடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பிரிவில் 14 பேர். போன மாதக் கடைசி, கணக்கு முடிக்கும் நேரம். திங்கட்கிழமை காலை ஒருவர் இருமிக்கொண்டே வந்தார். "மாத்திரை போட்டிருக்கிறேன், சமாளித்துக்கொள்வேன்" என்றார். நான்தான் அந்தப் பிரிவுக்குப் பொறுப்பு. சரி என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமைக்குள் அவரையும் என்னையும் சேர்த்து 9 பேர் படுத்துவிட்டோம். பரிசோதனையில் ஃப்ளூ என்று வந்தது. அந்த ஒன்பதில் ஒருவர் ஆறு மாதக் கர்ப்பிணி. மூச்சுத் திணறி நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தார். இப்போது தாயும் குழந்தையும் நலம். ஆனால் நான் சொன்ன அந்தச் 'சரி' இன்னும் என்னை உறங்கவிடவில்லை.

மேலிடம் இப்போது மூன்று ஏற்பாடு செய்திருக்கிறது. வாசலில் சானிடைசர், நெற்றியில் காட்டிக் காய்ச்சல் பார்க்கும் கருவி, கை கழுவச் சொல்லும் சுவரொட்டி. இதோடு முடிந்தது என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அடுத்த வாரக் கூட்டத்தில் பேச எனக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். என்ன கேட்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

காலைப்பணி_செவிலி எழுதியது:

தம்பி, முதலில் உங்களை நீங்களே வதைத்துக்கொள்வதை விடுங்கள். கூட்டத்தில் பேச முன்வந்திருக்கிறீர்களே, அதுவே பெரிய விஷயம். நான் ஒரு தொழிற்சாலை மருத்துவ அறையில் பல வருடமாகப் பணி செய்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்தக் காய்ச்சல் கருவியை நம்பி உட்கார வேண்டாம். ஃப்ளூ கிருமி உடம்பில் நுழைந்து 1 முதல் 4 நாளுக்குள் காய்ச்சல் வரும். ஆனால் அறிகுறி தெரிய ஒரு நாள் முன்பே அவரிடமிருந்து மற்றவருக்குப் பரவத் தொடங்கிவிடும். அப்புறம் வரும் மூன்று நான்கு நாள்தான் பரவல் உச்சத்தில் இருக்கும். உங்கள் நண்பர் போல மாத்திரை போட்டுக்கொண்டு வருபவரின் நெற்றி, கருவிக்குச் சாதாரணமாகத்தான் தெரியும். காய்ச்சலை மாத்திரை இறக்குகிறது, கிருமியை இல்லை.

அதனால் நாங்கள் வைத்திருக்கும் கணக்கு இது: மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்து, மற்ற தொந்தரவுகளும் குறைந்து வந்தால்தான் வேலைக்கு வரலாம். அதற்குப் பிறகும் சில நாள் முகக்கவசத்தோடு.

சானிடைசர் வீண் என்று சொல்ல மாட்டேன். குறைந்தது 60 விழுக்காடு ஆல்கஹால் இருந்தால் ஃப்ளூ, கொரோனா போன்ற கிருமிகளைக் கையில் கொல்லும். ஆனால் உங்கள் பிரிவில் நடந்தது பெரும்பாலும் கையால் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒரே அறை, எட்டு மணி நேரம், மூடிய ஜன்னல். சரிதானா?

இன்னொன்று. கர்ப்பிணிகளுக்கு ஃப்ளூ மற்றவர்களை விடக் கடுமையாக வரலாம். அவர்களுக்குத் தடுப்பூசியை உலக சுகாதார அமைப்பே முன்னுரிமை கொடுத்துப் பரிந்துரைக்கிறது. கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டும். போட்டு இரண்டு வாரம் ஆன பிறகுதான் பாதுகாப்பு கிடைக்கும். எனவே பருவம் தொடங்கும் முன்பே அலுவலகத்தில் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

---

மூன்றாம்மாடி எழுதியது:

//ஒரே அறை, எட்டு மணி நேரம், மூடிய ஜன்னல். சரிதானா?//

அப்படியே. இரண்டு ஸ்ப்ளிட் ஏசி. ஜன்னல்களைத் திருகாணி போட்டு மூடியிருக்கிறார்கள், தூசி வருகிறது என்று.

---

இரவுநட்சத்திரம் எழுதியது:

நான் கால் சென்டரில் இரவுப் பணி. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிய வேண்டிய ஒரு நிகழ்வு உண்டு. 2020 மார்ச்சில் தென்கொரியாவின் சியோல் நகரில், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் 11ஆம் மாடியில் இருந்த கால் சென்டரில் கொரோனா புகுந்தது. அந்த மாடியில் வேலை செய்த 216 பேரில் 94 பேருக்குத் தொற்று. அதிலும் பெரும்பாலானவர்கள் மாடியின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்.

இதில் கவனிக்க வேண்டியது இதுதான். கட்டடத்தில் எல்லோரும் அதே லிஃப்டில்தான் போய் வந்தார்கள், அதே பொத்தான்களைத்தான் தொட்டார்கள், அதே முன்கூடத்தில்தான் நின்றார்கள். அப்படியிருந்தும் மற்ற மாடிகளில் சோதித்தபோது மூன்றே பேருக்குத்தான் இருந்தது. லிஃப்டில் ஒரு நிமிடம் சேர்ந்து நின்றவர்களுக்குப் பெரும்பாலும் வரவில்லை. ஒரே கூடத்தில் பல மணி நேரம் பேசிக்கொண்டே இருந்தவர்களுக்கு வந்தது.

பேசுவதும் ஒரு காரணம். சத்தமாகப் பேசப் பேச வாயிலிருந்து நுண்துளிகள் அதிகமாக வெளியே வரும். எங்கள் கூடத்தில் நூறு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறோம்.

எங்களிடம் இருந்த இன்னொரு கெட்ட வழக்கம், பகல் பணிக்காரர் கழற்றி வைத்த ஹெட்செட்டையே இரவுப் பணிக்காரர் மாட்டிக்கொள்வது. வாய்க்கு முன்னால் இருக்கும் அந்தப் பஞ்சு எப்போதும் ஈரமாக இருக்கும். ஆளுக்கொரு ஹெட்செட் கேட்டு இரண்டு வருடம் போராடினோம், கிடைத்துவிட்டது. காற்றோட்டம் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

---

காற்றாடி எழுதியது:

இருபது வருடமாக ஏசி பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். மூன்றாம்மாடி நண்பர் சொன்ன 'இரண்டு ஸ்ப்ளிட் ஏசி, திருகாணி போட்ட ஜன்னல்' என்ற வரியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஏசி போட்டால் நல்ல காற்று வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண ஸ்ப்ளிட் ஏசி வெளியிலிருந்து ஒரு பிடி காற்றுகூடக் கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிரவைத்துத் திரும்ப அறைக்குள்ளேயே விடுகிறது. வெளியே மாட்டியிருக்கும் பெட்டி சூட்டை மட்டும்தான் வெளியேற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே போகும் குழாயில் ஓடுவது குளிரூட்டும் வாயு, நீங்கள் சுவாசிக்கும் காற்று இல்லை. ஜன்னலை மூடி அதைப் போட்டால், காலை ஒன்பது மணிக்கு ஒருவர் இருமிய காற்றை மாலை வரை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறீர்கள்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. கார்பன் டை ஆக்சைடு மீட்டர். கைக்கடக்கமாகக் கிடைக்கும். திறந்த வெளியில் அது சுமார் 420 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) காட்டும். நாம் வெளியே விடும் மூச்சில் சுமார் 40,000 பிபிஎம் இருக்கும். ஆக, அறைக்குள் இந்த எண் ஏறினால் அந்தக் கூடுதல் முழுக்க யாரோ ஒருவர் விட்ட மூச்சு. அறையில் 800 இருந்தால், நீங்கள் இழுக்கும் மூச்சில் நூறில் ஒரு பங்கு இன்னொருவர் நுரையீரலில் இருந்து வந்தது. 2000 இருந்தால் 25இல் ஒரு பங்கு. ஆட்கள் நிறைந்து மூடிக்கிடக்கும் கூட்ட அறைகளில் நானே 2000க்கு மேல் பார்த்திருக்கிறேன்.

என்ன செய்யலாம்? முதலில் அந்தத் திருகாணியைக் கழற்றுங்கள். ஏசி ஓடினாலும் பரவாயில்லை, எதிரெதிரே இரண்டு ஜன்னலை நான்கு விரல் அளவு திறந்து வையுங்கள். மின்கட்டணம் கொஞ்சம் ஏறும், உண்மைதான். எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவதாக இருந்தால் அதற்கு எதிர்ப்பக்கத்தில் காற்று உள்ளே வர வழி இருக்க வேண்டும். எல்லாவற்றையும் அடைத்துவிட்டு எக்ஸாஸ்ட் மட்டும் ஓட்டுவது, மூடிய புட்டியிலிருந்து உறிஞ்சுவது மாதிரி. மத்திய ஏசி உள்ள கட்டடம் என்றால் வெளிக்காற்று வரும் டேம்பர் (காற்றுக் குழாயில் இருக்கும் தடுப்புக் கதவு) திறந்திருக்கிறதா என்று ஆளை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்க அதை மூடிவைத்து, பிறகு எல்லோரும் மறந்துபோன கட்டடங்கள் ஏராளம்.

ஜன்னலே இல்லாத அறைக்கு ஹெப்பா வடிகட்டி (காற்றில் உள்ள நுண்துகள்களைப் பிடிக்கும் கருவி) வைக்கலாம். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2023இல் மணிக்கு 5 தடவையாவது அறைக்காற்று தூய்மையாக வேண்டும் என்று இலக்கு வைத்தது. 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் 90 கன மீட்டர் அறை. ஐந்து தடவைக்கு 450. அப்படியென்றால் கருவியின் பெட்டியில் சிஏடிஆர் (அது தரும் தூய காற்றின் அளவு) மணிக்கு 450 கன மீட்டர் என்றாவது இருக்க வேண்டும். அந்த எண் முழு வேகத்துக்கு மட்டும்தான். சத்தமாக இருக்கிறது என்று வேகத்தைக் குறைத்துவிட்டால் பாதிகூடத் தேறாது. அதனால் பெரிதாக ஒன்று வாங்காமல் இரண்டு வாங்கி நடு வேகத்தில் ஓட்டுங்கள். ஓசோன் விடும் கருவி என்று யாராவது விற்க வந்தால் திருப்பி அனுப்புங்கள். அது நுரையீரலுக்குக் கெடுதல்.

ஒரு குறிப்பு: வடிகட்டி வைத்தால் மீட்டர் எண் இறங்காது. கிருமி குறையும், கார்பன் டை ஆக்சைடு அப்படியே இருக்கும். வடிகட்டி வேலை செய்யவில்லையோ என்று பயப்பட வேண்டாம்.

---

சிறுதொழில் எழுதியது:

எல்லாம் நல்ல யோசனைகள். ஆனால் உடம்பு சரியில்லை என்றால் வீட்டில் இரு என்று சொல்வது பெரிய நிறுவனத்துக்குச் சரி. நான் 11 பேரை வைத்து அச்சகம் நடத்துகிறேன். ஒரு இயந்திரத்துக்கு ஒருவர். அவர் வராவிட்டால் அந்த இயந்திரம் நிற்கும், வேலை கொடுத்தவர் என்னிடம் கேட்பார். சம்பளத்தோடு விடுப்பு என்றால் ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள் எல்லாம் காய்ச்சல் வரும். நான் கெட்டவன் இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

---

தறி எழுதியது:

சிறுதொழில் ஐயாவுக்குக் கோபமாகப் பதில் சொல்ல வரவில்லை. ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் முன்பு வேலை செய்த நெசவுக்கூடத்தில் எனக்கு அடுத்த தறியில் ஒரு அண்ணன் இருந்தார். தினக்கூலி. இரண்டு மாதமாக இருமிக்கொண்டே இருந்தார். பஞ்சுத்தூசி என்றார், நாங்களும் நம்பினோம். இருமல் வந்தால் துண்டை வாயில் அமுக்கிக்கொண்டு மேஸ்திரி கண்ணில் படாமல் தூணுக்குப் பின்னால் போய் நிற்பார். ஒரு நாள் அந்தத் துண்டில் இரத்தம்.

காசநோய். கூட வேலை செய்த எங்களை எல்லாம் சோதித்தார்கள். இன்னும் இரண்டு பேருக்கு இருந்தது. அதில் ஒருத்தி நான்.

ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். முழுதாகக் குணமானேன். சரியான மருந்து தொடங்கிச் சுமார் இரண்டு வாரத்திலேயே மற்றவருக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும் என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு வாரம்! அந்த அண்ணன் தொடக்கத்திலேயே போய்ச் சளிப் பரிசோதனை செய்து இரண்டு வாரம் வீட்டில் இருந்திருந்தால் எங்கள் இருவருக்கும் வந்திருக்காது. அவர் ஏன் போகவில்லை என்று பிறகு கேட்டேன். "ஒரு நாள் போகலைன்னா ஒரு நாள் கூலி இல்லை. வியாதி பேரு தெரிஞ்சா தறியே இல்லை" என்றார்.

அவர் மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. அவரைத் தூணுக்குப் பின்னால் நிற்கவைத்த ஏற்பாட்டின் மேல்தான் கோபம்.

இதைப் படிப்பவர்களுக்கு: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் தள்ளிப்போடாமல் பரிசோதனைக்குப் போங்கள்.

---

பழையகணக்கு எழுதியது:

தறி அம்மா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நலமாக இருங்கள்.

நான் சம்பளப் பட்டியல் போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சொன்ன அண்ணனைப் போலவே ஒரு பெண்ணின் கதை நூறு வருடத்துக்கு முன்பு நடந்திருக்கிறது. மேரி மாலன் என்று பெயர். நியூயார்க்கில் செல்வர் வீடுகளில் சமையல் செய்தவர். அவருக்கு டைஃபாய்டு அறிகுறி எதுவும் கிடையாது, ஆனால் கிருமியைச் சுமந்துகொண்டிருந்தார். 1907இல் கண்டுபிடித்துத் தீவு ஒன்றில் இருந்த மருத்துவமனையில் அடைத்தார்கள். 1910இல் இனிச் சமைக்கக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டு விடுவித்தார்கள். சலவை வேலைக்குப் போனார். அதில் சம்பளம் குறைவு. சில காலம் கழித்து வேறு பெயரில் மறுபடி சமையலுக்கே போனார். 1915இல் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் 25 பேருக்கு டைஃபாய்டு வந்தது. சமையலறையில் இருந்தவர் அவர். அதன் பிறகு 1938இல் இறக்கும்வரை அவரை வெளியே விடவில்லை.

அவரை 'டைஃபாய்டு மேரி' என்று பட்டப்பெயர் வைத்துத் திட்டினார்கள். தனக்கு நோயே இல்லை என்று அவர் நம்பியதும் உண்மைதான். ஆனால் சமையல் வேலையை விட்டவருக்கு அதே அளவு வருமானம் தரும் இன்னொரு வேலைக்கு யாரும் வழி செய்யவில்லையே. நான் ஊதியப் பட்டியல் போட்டவன், என் கண்ணுக்கு அதுதான் முதலில் தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1969ஆம் ஆண்டு 130ஆம் உடன்படிக்கை, நோயில் படுத்தவருக்குச் சம்பளத்தில் 60 விழுக்காடாவது கிடைக்க வேண்டும் என்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் முதல் மூன்று நாளுக்குக் கொடுக்காமல் விட அதிலேயே இடமும் இருக்கிறது. செவிலி அம்மா மேலே சொன்னதை இதோடு வைத்துப் பாருங்கள். ஃப்ளூ அதிகமாகப் பரவும் நாட்கள் எவை? அதே முதல் மூன்று நாட்கள். நீண்டகால நோயாளியைக் காப்பாற்றப் போட்ட கணக்கு இது, தொற்றைத் தடுக்கப் போட்டதில்லை. மூன்றாம்மாடி தம்பி, உங்கள் கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டியது முதல் மூன்று நாட்களைத்தான்.

---

சிறுதொழில் எழுதியது:

தறி அம்மாவின் பதிவை என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். நான் எழுதியதில் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

ஆனால் இயந்திரம் நிற்கும் பிரச்சினை அப்படியே இருக்கிறதே. அதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.

---

இரவுநட்சத்திரம் எழுதியது:

//இயந்திரம் நிற்கும் பிரச்சினை//

ஐயா, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இரண்டாவது ஆள் ஒருவரைப் பழக்கி வையுங்கள். வேலை குறைவான மாதத்தில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் இடம் மாற்றி உட்கார வைத்தால் போதும். எங்கள் இடத்தில் அப்படித்தான் செய்கிறோம். ஒருவர் வராவிட்டால் வேகம் குறையும், நிற்காது. மூன்றாம்மாடி நண்பருக்கு ஒரே வாரத்தில் 9 பேர் விழுந்தார்கள். உங்கள் 11 பேரில் ஆறு பேர் அப்படி விழுந்தால் அச்சகமே மூடிக் கிடக்கும்.

---

காலைப்பணி_செவிலி எழுதியது:

பேச்சு காற்றுப் பக்கமும் விடுப்புப் பக்கமும் நன்றாகப் போகிறது. கையையும் மறக்காமலிருக்க இரண்டு நோயைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, வாந்தி பேதி. நோரோ வைரஸ் என்றால் மிகச் சில கிருமிகள் வாய்க்குள் போனாலே போதும், 12 முதல் 48 மணி நேரத்துக்குள் படுக்க வைத்துவிடும். இதற்குச் சானிடைசர் சரிவர வேலை செய்யாது. சோப்பும் ஓடும் தண்ணீரும், 20 விநாடி. யாராவது அலுவலகத்தில் வாந்தி எடுத்துவிட்டால் வெறும் துடைப்பத்தால் தள்ளிவிடக் கூடாது. கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு காகிதத்தால் அள்ளிவிட்டு, அந்த இடத்தில் பிளீச் கரைசலை ஊற்றி ஐந்து நிமிடமாவது விடுங்கள். 5 விழுக்காடு வலுவுள்ள பிளீச் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி. கழிப்பறை ஆசிட்டோடு அதைக் கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும். துப்புரவுப் பணியாளர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, கையுறைகூடக் கொடுப்பதில்லை. கூட்டத்தில் அவர்களுக்காகவும் பேசுங்கள் தம்பி. வாந்தி பேதி நின்று 48 மணி நேரம் கழித்துத்தான் வேலைக்கு வர வேண்டும். சமையலறையில் இருப்பவர்களுக்கு இதில் சலுகையே கூடாது.

இரண்டாவது, மெட்ராஸ் ஐ. கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று இன்றும் நம்புகிறார்கள். பார்வையால் பரவாது. கண்ணீர் பட்ட கை, அந்தக் கை பட்ட விசைப்பலகை, மவுஸ், கைரேகை வைக்கும் வருகைப்பதிவுக் கருவி, துண்டு. இப்படித்தான் போகும். கறுப்புக் கண்ணாடி போட்டால் கூச்சம் குறையும், பரவுவது குறையாது.

இன்னொரு வேண்டுகோள். ஒரு நாள் காய்ச்சலுக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்பதை நிறுத்தச் சொல்லுங்கள். படுத்திருக்க வேண்டியவர் அந்த ஒரு தாளுக்காக, நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் காத்திருப்பு அறையில் இரண்டு மணி நேரம் இருமிக்கொண்டு இருக்கிறார். யாருக்கு என்ன நோய் என்பதைப் பிரிவு முழுக்க அறிவிக்கவும் கூடாது. "இந்த வாரம் இங்கே ஒருவருக்கு ஃப்ளூ, அறிகுறி இருந்தால் சொல்லுங்கள்" என்று பெயர் இல்லாமல் சொன்னால் போதும். பெயரைச் சொன்னால் அடுத்தவர் மறைப்பார்.

---

தறி எழுதியது:

//பெயரைச் சொன்னால் அடுத்தவர் மறைப்பார்//

நூற்றுக்கு நூறு உண்மை அக்கா.

---

மூன்றாம்மாடி எழுதியது:

கூட்டம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. உங்கள் எல்லோருக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

காற்றாடி அண்ணன் சொன்ன மீட்டரை இரவல் வாங்கி என் மேசையில் வைத்தேன். காலை 9 மணிக்கு 510. பகல் 12க்கு 1,640. மாலை 4 மணிக்கு 2,120. வேறு எதுவும் பேசாமல் இந்த மூன்று எண்ணையும், 25இல் ஒரு மூச்சு என்ற கணக்கையும் பலகையில் எழுதினேன். இயக்குநர் எழுந்து போய் அந்த அறையின் ஜன்னலைத் தானே திறந்தார். மறுநாள் எங்கள் மாடியில் திருகாணிகளைக் கழற்றினார்கள், தூசிக்கு வலை அடித்தார்கள். கூட்ட அறைக்கு இரண்டு வடிகட்டி வந்திருக்கிறது.

விடுப்பு விஷயம் பாதிதான் கிடைத்தது. மூன்று நாள் கேட்டேன். சான்றிதழ் இல்லாமல் சம்பளத்தோடு இரண்டு நாள், ஆறு மாதத்துக்குச் சோதனையாக. நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும். துப்புரவுப் பணியாளர்களும் காவலர்களும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். இது எனக்கு உறுத்துகிறது. அவர்கள்தான் எல்லா மாடிக்கும் போய் வருகிறார்கள். அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அதில் நோய் விடுப்பைச் சேர்க்க முடியுமா என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். கையுறையும் முகக்கவசமும் மட்டும் உடனே கொடுத்துவிட்டார்கள்.

அன்று இருமிக்கொண்டு வந்த நண்பரிடமும் பேசினேன். முந்தைய வேலையில் டெங்கு வந்து பத்து நாள் படுத்ததற்கு அந்த வருட ஊதிய உயர்வை நிறுத்திவிட்டார்களாம். அதிலிருந்து எந்தக் காய்ச்சலுக்கும் விடுப்பு எடுத்ததில்லை என்றார். எனக்கு இது தெரியாமல் போனதே.

நேற்றுக் காலை 7 மணிக்கு அவரே அழைத்தார். தொண்டை கரகரப்பு, உடம்பு வலி, வரலாமா என்று கேட்டார். வர வேண்டாம் என்றேன். அவர் வேலையை இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுத்தோம். ஒரு கணக்கு மட்டும் ஒரு நாள் தள்ளிப்போனது.

---

காற்றாடி எழுதியது:

நெஞ்சு நிறைந்தது தம்பி. ஜன்னல் திறந்த பிறகு மாலை 4 மணிக்கு மீட்டர் என்ன காட்டுகிறது?

---

மூன்றாம்மாடி எழுதியது:

780, அண்ணா. மழை பெய்த அன்று ஜன்னலைச் சாத்தியதில் 1,300 வரை போனது. அதற்கு என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

---

காற்றாடி எழுதியது:

ஜன்னலின் மேல்பகுதியில் சாரல் படாத மாதிரி சாய்வுப் பலகை வைத்த சிறு திறப்பு போடலாம். ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது, என்ன அளவு என்று தனிமடலில் அனுப்புங்கள். எங்கே போடலாம் என்று வரைந்து தருகிறேன்.